ஒயினுக்கு ஒரு தேயிலை அறிக்கை

தேயிலை ருசிபார்ப்பவர் எதையும் விழுங்குவதில்லை. உறிஞ்சி, நாவில் சுழற்றித் துப்பிவிடுவார். எஞ்சுவது, பக்கத்தில் நின்று நான் எழுதிய அறிக்கை மட்டுமே. பிறர் சொல்ல எழுதிப் பிழைத்தவர்களுக்கு என் வேதனை புரியும். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எங்கள் மட்டாஞ்சேரி அலுவலகத்தில் புளிப்பு ஒரு குறை; மரவாடை மற்றொரு குறை.

ஒரே சொல்

இலக்கணம் படித்தவள் என்பதால் அங்கே எனக்கு ‘டீச்சர்’ என்று பெயர். எழுபதுகளின் இறுதியில், தோட்ட மேலாளர் ஒருவர் தம் தேயிலைக்கு நான் எழுதிய ‘புளிப்பு’ என்ற சொல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சுருங்க எழுதிய பெருமையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். “இத்ர கஷ்டப்பட்டு உண்டாக்கினதுக்கு ஒத்தை வார்த்தைதானா, டீச்சரே?” என்றார்.

பீட்டரின் புட்டிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆண்டுதோறும் தேயிலை வாங்க வரும் ஆஸ்திரேலியர் பீட்டர், இரண்டு புட்டி வெள்ளை ஒயினை மேசைமேல் வைத்தார். அது ஷார்டனே என்ற திராட்சையில் செய்தது. குளிர்ந்த சரிவொன்றில் அவரே பயிரிட்டு, ஓக் மரப் பீப்பாயில் சில மாதங்கள் மட்டும் வைத்திருந்து எடுத்தது. குளிரவைத்து அருந்தச் சொல்லிவிட்டுக் குன்னூருக்குப் புறப்படும்போது சொன்னார்: “என் ஊரில் எல்லோரும் நண்பர்கள், உண்மை சொல்லமாட்டார்கள், நீங்கள் நல்லதென்று எழுதினால் சரிவு முழுவதும் நடுவேன், இல்லையென்றால் இருப்பதையும் பிடுங்கிவிடுவேன்.”

நாற்பதுக்குப் பின் ஒன்று

எங்கள் தலைமை ருசிபார்ப்பவர் மணி சார் பாலக்காட்டுக்காரர். நாற்பது தேயிலைகளுக்குப் பிறகு, சித்திரை வெயிலில் வெதுவெதுத்துப் போன ஒயினை அதே வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார். குளிரவைக்க வேண்டுமே என்று நினைவூட்டினேன். உறிஞ்சினார், துப்பினார். “புளிப்பு, மரவாடை” என்று முடித்தார்.

எழுதுவதைச் சரிபார்க்கும் வழக்கப்படி நானும் ஒரு கரண்டி எடுத்தேன். பச்சை மாங்காயைக் கடித்தாற்போல் நாவின் ஓரங்கள் சிலிர்த்தன. துப்பிய பிறகும் வாய் ஊறிற்று. இன்னொரு கரண்டி வேண்டுமென்று தோன்றியது. ஆயினும் அந்த இரண்டு சொற்களையே எழுதினேன். மணி சார் திருப்தியுடன், “குளிர வெச்சா குறை தெரியாதேம்மா!” என்றார்.

கரிமீன் சாட்சி

மற்றொரு புட்டியை, கெண்டியில் வெந்நீர் வைக்கும் குஞ்ஞப்பன் சேட்டன் கேட்டு வாங்கிப் போனார். பீட்டர் குன்னூரிலிருந்து திரும்பும் நாளன்று காலையில் நேரே என்னிடம் வந்தார். “ஐஸ்ல வெச்சு, வறுத்த கரிமீனோட குடிச்சேன், டீச்சரே. அந்தப் புளி இல்லேன்னா மீனு திகட்டிப் போகும். பின்னால ஒரு மணம், வறுத்த தேங்காய் மாதிரி, கொஞ்சம் போலத்தான். என் பெண்டாட்டி, இனி கிட்டுமான்னு கேட்டா! இதையும் எழுதுங்க.”

அறிக்கையில் மீனுக்கு இடமில்லை என்றேன். அவர் விடவில்லை. “அப்போ அந்த வெள்ளைக்கார சாயிப்புகிட்ட யாரு சொல்லும்?”

பிறகு உறுதியானவை

பீட்டர் அறிக்கையைப் படித்து, நான்காக மடித்து, நன்றி சொன்னார். அவ்வாண்டே கொடிகளைப் பிடுங்கினார். அவ்வகை ஒயினுக்கு அந்தப் புளிப்பே உயிர் என்றும், மர மணம் அளவாகவே இருந்திருக்கிறது என்றும் பின்னர் வந்த, ஒயின் தெரிந்த வேறொரு வணிகர் நான் சொன்னதைக் கேட்டு விளக்கினார். குஞ்ஞப்பன் சேட்டனிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அறிக்கையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் திருத்த ஓர் எழுத்துகூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.