கடைசி நிறுத்தத்து ஏரி

பல்லக்கா இருபத்தாறு வருஷமாகப் பல் செட் செய்கிறாள். பல் மருத்துவரின் கிளினிக்குக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. மேசை மேல் குழல் விளக்கு, மெழுகுத் தகடுகள், பிளாஸ்டர் வாளி, தேய்க்கிற மெஷின். யார் யாருடைய வாயோ அச்சாக அவள் கைக்கு வரும். அதில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக அடுக்கி, ராவி, மெருகேற்றி அனுப்புவாள். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களை அவள் பார்த்ததில்லை. தெருவில் வயதான யாராவது வாய்விட்டுச் சிரித்தால், நம் கைவேலையாக இருக்குமோ என்று ஒரு கணம் நின்றுவிட்டுப் போவாள்.

வெளியே மழையா வெயிலா என்பது அந்த அறைக்குத் தெரியாது. பிளாஸ்டர் காய நேரமானால் மழைக்காலம், சட்டென்று காய்ந்தால் கோடை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த பருவங்கள்.

கணவர் தங்கமான மனுஷர். ஆனால் வெளியே கிளம்புவதென்றால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும். "புல்லும் தண்ணியும் பாக்க பஸ் ஏறணுமா?" என்பார். ஒருநாள் அவரே ஒரு பூந்தொட்டி வாங்கிவந்து பால்கனியில் வைத்து, "பாத்துக்கோ, ஊரு உலகமே வந்தாச்சு" என்றார். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. மூன்றாவது மாடி வீட்டில் மிச்சமிருந்தது பல்லக்காவும் கணவரின் தங்கையும்தான்.

அந்தத் தங்கைக்கு ஐம்பத்தைந்து வயது. அண்ணன் கூப்பிட்ட பழக்கத்தில் இன்னும் அவள் பாப்பாதான். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டர். நாளெல்லாம் "வணக்கம், யார் வேணும்?" என்று கேட்டே ஓய்வு பெற்றவள், அண்ணன் போனபிறகு தனக்கு யாருமே வேண்டாம் என்பதுபோல் இருந்தாள். வீட்டில் நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"சாப்டியா பாப்பா?"

"ஆச்சு அண்ணி."

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு."

சண்டை என்று எதுவும் இல்லை. நடுவில் நின்ற ஆள் போய்விட்டார். மிச்சமிருந்த இருவருக்கும் ஒருவரை ஒருவர் எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, நடக்க முடியாத ஒரு நோயாளிக்குப் பல் செட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில், தோட்டத்தின் நடுவே அவர் வீடு. பல்லக்கா கையாலேயே மாட்டிவிட்டாள். பெரியவர் கண்ணாடியில் பார்த்து, இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, பிறகு வெட்கத்தோடு சிரித்தார். தன் வேலை ஒரு முகத்தில் சிரிப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. பின்னால ஏரி நெறஞ்சு கெடக்கு, ஒரு எட்டு பாத்துட்டுப் போங்கம்மா" என்றார் பெரியவர்.

போனாள். கரை முட்ட நீர். காற்று வரும்போது மொத்த ஏரியும் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. பத்து நிமிஷம் என்று உட்கார்ந்தவள் மூன்று பஸ்ஸைத் தவறவிட்டாள். அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும். வீட்டில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, தண்ணீரைப் பார்க்கப் போகிறேன் என்றா சொல்வது?

இரண்டாவது மாதம், குளிர் தொடங்கிய ஒரு காலை. பஸ்ஸில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் ஏறிய யாரிடமோ கண்டக்டர், "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார்.

"முன்னாடி உக்காந்திருக்காங்களே, அவங்க எறங்குற எடத்துக்கு."

முப்பது வருஷம் டெலிபோனில் பழகிய குரல். ரகசியம் பேசினாலும் கணீரென்றுதான் கேட்கும். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பல்லக்கா மட்டும் திரும்பவில்லை. டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். வெயிலே இல்லாத காலையில் கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றிச் சால்வை, முகத்துக்கு நேரே விரித்த செய்தித்தாள். சிரிப்பை அடக்கப் பல்லக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் மெதுவாக நடந்தாள். பாப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. வேகமாகப் போனால் பின்தங்கிவிடுவாள். வரப்பில் வழுக்குகிற இடம் வந்தபோது செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்று, பின்னால் அவள் கடந்துவிட்டாள் என்று காலடிச் சத்தத்தில் தெரிந்துகொண்டு நடந்தாள். கரையில் துணியை விரித்து, ரொட்டியையும் அவித்த முட்டைகளையும் எடுத்துவைத்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்:

"பாப்பா, அந்தப் புதர்கிட்ட எறும்பு ஜாஸ்தி. இப்பிடி வந்து உக்காரு."

புதர் அசைந்தது. பிறகு செய்தித்தாளை மடித்தபடி பாப்பா வந்து உட்கார்ந்தாள்.

"யாரையோ பாக்க வர்றீங்கன்னு நெனச்சேன், அண்ணி."

"ஆமா, பாக்கத்தான் வர்றேன். அதோ நிக்கிறாரே."

ஆழமில்லாத நீரில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. பாப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை நிதானமாகப் பார்த்தாள்.

"ஒயரம் பரவால்ல. மூக்குதான் கொஞ்சம் நீளம்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பாப்பாவின் முகம் சட்டென்று கோணிக்கொண்டது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அண்ணி, நீயும் வர்றியான்னு?"

கேட்கவில்லைதான். பல்லக்கா ஒரு முட்டையை உரித்து அவள் கையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறென்றால் இருவரும்தான். குளிர்காலத்தில் பனி ஏரியையே மூடிவிடும், ஒன்றும் தெரியாது. அதுதான் பாப்பாவுக்குக் கொண்டாட்டம். முப்பது வருஷம் முகம் தெரியாத குரல்களோடு வாழ்ந்தவள் அல்லவா! கண்ணை மூடிக்கொண்டு பறவைகளைப் பிரித்துச் சொல்வாள். பெயர் தெரியாததால் ஆஸ்பத்திரிப் பெயர்கள்தான். "இது ரெண்டாவது வார்டு ஹெட் நர்ஸ், எப்பவும் யாரையாவது திட்டும். இது மருந்துக்கடைக்காரர், இழுத்து இழுத்துப் பேசும். இது ராங் நம்பர், ஒரு தடவ கூப்ட்டுட்டு வெச்சுடும்." காற்றடிக்கும் மாதங்களில் நாணல் மொத்தமாகச் சாய்ந்து நிமிரும். பாப்பாவின் குடை இரண்டு முறை தலைகீழாய் மலர்ந்தது. மக்காச்சோளம் முற்றியபோது, தோட்டத்து வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒரு கதிரை உரித்துக் கொடுத்தார். பல்லக்கா அதைத் தின்ன மனமில்லாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ நெருக்கமா எனக்கு அடுக்க வராது" என்றாள்.

கரையோர மரங்கள் பூத்த மாதத்தில் கொழுந்தன் வந்தார். கணவருக்கும் பாப்பாவுக்கும் அடுத்துப் பிறந்த கடைசித் தம்பி. வேறு ஊரில் வேலை, வசதியான வீடு. வந்த அன்றே விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா, என்கூட வந்துரு. ஒனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன். அண்ணிக்கு எத்தன நாள் பாரமா இருப்ப?"

பாப்பா பல்லக்காவைப் பார்த்தாள்.

"அவ இஷ்டம் தம்பி" என்று சொல்லிவிட்டு, பல்லக்கா சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். 'இருந்துவிடு' என்று சொல்ல வாய்வரை வந்தது. என்ன உரிமையில் சொல்வது? கூடப் பிறந்தவன் கூப்பிடுகிறான். தான் யார், செத்துப்போன அண்ணனின் மனைவி. அன்று பாப்பா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

ஞாயிறு மாலை ரயில். காலையில் பாப்பா சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றாள். "எட்டேகால் பஸ் அண்ணி. வாடா தம்பி, நீயும்தான்."

பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு வந்த கொழுந்தன், வரப்புச் சேற்றைப் பார்த்து முகம் சுளித்தார். "இங்க என்ன இருக்குக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். போனில் சிக்னல் தேடினார். பிறகு உதிர்ந்த பூக்களின் மேல் சும்மா சாய்ந்தவர், ஐந்து நிமிஷத்தில் குறட்டைவிட ஆரம்பித்தார்.

நீரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிர்க்கரையையே பார்த்தாள். கேட்காமல் விட்டது ஒருமுறை போதும் என்று பல்லக்காவுக்குப் பட்டது.

"போகாத பாப்பா."

பாப்பா திரும்பவில்லை. "ஏன் அண்ணி?"

"ஏன்னா என்ன சொல்றது... நீ இல்லாம வீடு வீடா இருக்காது. பாரம்னு தம்பி சொன்னப்பவே இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியல."

பாப்பாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "பெட்டில பாதிதான் அடுக்கினேன்" என்றாள். "மீதிய அடுக்கக் கையே வரல."

கொழுந்தன் எழுந்தபோது மதியம் தாண்டிவிட்டது. தலையில் ஒட்டிய பூவைத் தட்டியபடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அழுது வீங்கிய இரண்டு முகங்கள், ஆனால் இரண்டிலும் சிரிப்பு. அவருக்குப் புரிந்துவிட்டது.

"சரி விடு" என்றார். "வீட்ல தூக்கமே வர மாட்டேங்குது அண்ணி. மாத்திரைதான். இங்க எப்பிடித் தூங்கினேன்னே தெரியல." தனியாகத்தான் ரயிலேறினார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாரும் கூப்பிடாமலே வருகிறார், தலையணையோடு.

கோடையில் ஏரி வற்றியது. வாரத்துக்கு வாரம் நீர் உள்வாங்க, ஒரு ஞாயிறு போனபோது தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. பாப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பல்லக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"வா, நடந்து பாக்கலாம்."

"உள்ளேயா? பொதஞ்சுட்டா?"

"பொதஞ்சா ரெண்டு பேரும் பொதைவோம். வா."

கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். காலுக்கடியில் நத்தை ஓடுகள் நொறுங்கின. மாதக்கணக்காய் மேலிருந்து பார்த்த நீரின் அடியில் என்னென்னவோ கிடந்தன: அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு, கருத்துப்போன மரத்தின் அடிக்கட்டை. நடு ஏரியில் மிச்சமிருந்த குட்டையைச் சுற்றி நாற்பது ஐம்பது கொக்குகள் தோளோடு தோள் இடித்து நின்றன. இவர்களைப் பார்த்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டன, அவ்வளவே. பாப்பா குனிந்து ஒரு வெடிப்புக்குள் கையை விட்டாள்.

"அண்ணி, உள்ள ஜில்லுனு இருக்கு!"

பல்லக்காவும் கையை விட்டுப் பார்த்தாள். உண்மைதான்.

திரும்பும்போது இருவருக்கும் முழங்கால்வரை சாம்பல்நிறப் புழுதி. பஸ்ஸில் பாப்பா ஜன்னலோர இடத்தை அண்ணிக்கு விட்டுக்கொடுத்தாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பல்லக்கா தோளை அசைக்காமல், வெளியே ஓடுகிற காய்ந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.