சின்ன மிஸ்ஸின் ஊசி

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பிரியாணி என்னை நேராக டவுன் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. வாந்தி, பேதி... மற்ற விவரங்கள் உங்களுக்கு வேண்டாம்.

சேலைன் ஏற்றச் சொன்னார் டொக்டர். வந்தவர் மூத்த நர்ஸ் புஷ்பராணி மிஸ். பழுத்த அனுபவம். சிரிப்பு மட்டும் அவரது சீருடையில் சேர்த்தியில்லை. பின்னால் நர்ஸ் பயிற்சிக்கு வந்த மாணவி தர்ஷினி — திம்புள்ள பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை.

"இவருக்கு நரம்பு நல்லா தெரியுது. நீ போடு."

தர்ஷினி குத்தினாள். நரம்பு நழுவியது. மறுபடி குத்தினாள். நான் வீரனல்லவா — கூரையைப் பார்த்துச் சிரித்தேன்.

"மிஸ், நீங்களே போட்டுருங்களேன்..." என்றேன் அடுத்த நொடி.

"நானும் யாரோ ஒருத்தர் கையிலதாங்க பழகுனேன். அவரு வாயத் தொறக்கல."

கடைசியில் மிஸ்தான் போட்டார். தர்ஷினியின் கண் கலங்கியது. ஆறுதல் சொன்னாரா? "கை நடுங்கட்டும், பரவால்ல. மூஞ்சி நடுங்கக் கூடாது" என்றார்.

நமக்கெல்லாம் கைதேர்ந்த நர்ஸ் வேண்டும். ஆனால் அவர் பக்கத்துக் கட்டில்காரரின் கையில் பழகிவிட்டு வர வேண்டும். எவ்வளவு நியாயமான ஆசை!

சற்று நேரத்தில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டியிருக்கிறது. முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. டொக்டர் தொடையில் ஊசி போட்டுவிட்டு, இரண்டு கையிலும் சேலைன் ஏற்றச் சொன்னார்.

மிஸ் ஒரு கையைப் பிடித்தார். "தர்ஷினி, அந்தக் கை உன்னோடது."

கணவர் அலறினார். "ஐயோ, படிக்கிற புள்ளையா? பெரிய மிஸ்ஸ போடச் சொல்லுங்க!"

மிஸ் நிமிரவில்லை. "எனக்கும் ரெண்டு கைதாங்க இருக்கு. தள்ளி நில்லுங்க." பிறகு, அவருக்கு இப்படியும் ஒரு குரல் உண்டா என்று நான் வியந்த குரலில்: "கண்ணால தேடாத புள்ள. வெரலால தொட்டுப் பாரு. கெடைக்கும்."

தர்ஷினி தொட்டாள். நின்றாள். குத்தினாள். ஊசியின் அடியில் ரத்தம் எட்டிப் பார்த்தது — நரம்பு கிடைத்துவிட்டது. மிஸ் இன்னும் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார்!

"அப்போ உன் பக்கத்து சேலைன மொதல்ல தொறந்து விடு" — அவ்வளவுதான்.

பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண்ணுக்கு மூச்சு சீரானது. கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். பாராட்டு விழா? அதுவும் நடந்தது. "கீழ பஞ்சு கெடக்கு, எடு" என்றார் மிஸ். தர்ஷினி குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தபோது அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை கணவர் மிஸ்ஸிடம் மெதுவாக வந்தார்.

"அந்தச் சின்ன மிஸ் எந்தத் தோட்டங்க? என் தம்பிக்குப் பாக்கலாமுன்னு..."

"மொதல்ல அவ படிச்சு முடிக்கட்டும்" என்று மிஸ் நகர்ந்துவிட்டார்.

முதல் நாள் அந்தப் பிள்ளையை நம்பி மனைவியின் கையைக் கொடுக்க மனமில்லை. விடிந்ததும் தம்பியையே தூக்கிக் கொடுக்கத் தயார்!