யஸ்து போன சேலை

பக்கிரிசாமியும் மகன் பாலனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கொல்லைக் குழாய்க்குத் தோல் வாஷர் மாற்றியது.

"ஸ்பானரப் பென்சில் மாதிரி புடிக்கிறான் பாரு, டிராயிங் ஆபீஸ் தொர!" என்றார் பக்கிரிசாமி. நகரத்துத் தண்ணீர்க் குழாய்களில் இருபத்தாறு வருடம் மேஸ்திரியாக இருந்தவர்.

அடுப்படியிலிருந்து மாரியாயி விடவில்லை. "ஊருக்குப் போயி ஓட்டைக் கிண்ணம் வாங்கிட்டு வந்தவரு, எம்புள்ளையக் கேலி பண்றாரு!"

மூவரும் சிரித்தார்கள். குழாய் சொட்டுவது நின்றது. நான்காம் நாள் நெஞ்சு வலி வந்து பக்கிரிசாமி போய்விட்டார். அது 1934.

கிண்ணம் வந்தது ஐந்து வருடத்துக்கு முன்பு. அப்போது அவருக்கு ஆறு மாத விடுப்பு கிடைத்திருந்தது. மாரியாயியின் தாய், நாகப்பட்டினம் பக்கம் திருமருகலில் தனியாகக் கிடந்தாள்.

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க. ஆத்தா மொகத்த ஒருதரம் பாத்துட்டு வந்துர்றேன்."

"பையனுக்குப் பரீட்சை. யாரு சோறு போடுறது? நான் பாத்துட்டு வரேன்."

அவள் ஒரு வெள்ளைச் சேலையைத் துணிக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கிள்ளான் துறைமுகம் வரை ரயிலில் போய்க் கப்பலேற்றிவிட்டு வந்தாள். அவர் திரும்பி வந்து சொன்னார்: "நான் போன மூணாம் நாள் ஆத்தா கண்ண மூடிட்டா. நீ குடுத்த சேலையத்தான் கோடியாப் போட்டோம்."

பெற்றவள் உடம்பின்மேல் தான் கொடுத்த துணி. மாரியாயி அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தத் துக்கத்திலிருந்து எழுந்தாள். இப்போது புருஷனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போதும், பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே பாலன் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தான். காக்கி அட்டை போட்ட அளவு நோட்டு ஒன்று. முதல் பக்கம்: நாகப்பட்டினத்தில் இறங்கியது. அன்று மாலையே ரயில். பம்பாய். மறுபடி கப்பல். பந்தர் அப்பாஸ். லாரி. கெர்மான். யஸ்து.

பாரசீகத்தில், பாலைவனத்து நடுவே இருக்கும் பழைய ஊர். எந்த இஞ்சினீயர் வாயால் அதைப் பற்றிக் கேட்டாரோ! அப்பா அங்கே தனியாகச் சுற்றியிருந்தார். மண்சுவர்ச் சந்துகள். காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்கள். மொழி தெரியாமல் ரொட்டிக் கடையில் விரலைக் காட்டியது.

"மலையடியிலிருந்து பூமிக்குள்ளேயே வாய்க்கால். இருபது மைல். வாட்டம் மட்டும்தான். பம்பு இல்லை." அடுத்த வரியில் மறுபடியும்: "பம்பு இல்லை."

"தண்ணீர் முறையைக் கிண்ணத்தால் அளக்கிறார்கள். அடியில் ஓட்டை. மிதக்கவிட்டு, அது முழுகினால் ஒரு பங்கு. ஒன்று வாங்கினேன்."

"வாய்க்கால் நெடுகக் கிணறுகள். தோண்டுகிறவர்கள் வெள்ளை உடுத்தி இறங்குகிறார்கள். மேலே வராவிட்டால் அதுவே கோடி."

"மலையடியில் இருப்பது முதல் கிணறு. தாய்க்கிணறு என்கிறார்கள். தூர் வார இன்னும் பத்து நாள். இருந்து பார்த்துவிட்டே போவேன்."

கீழே கிணற்றின் குறுக்குவெட்டுப் படம். கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தச் சுத்தம்தான் பாலனுக்குத் தாங்கவில்லை.

கடைசிப் பக்கம்: "திருமருகல் வந்து சேர்ந்தேன். ஆத்தா போய் எட்டு நாள்."

பத்தில் எட்டு போனால் இரண்டு. அந்தக் கிணற்றுக்காக நிற்காமல் வந்திருந்தால், இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருப்பார். பாலன் திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தான். அம்மாவை நிறுத்தி வைக்க அவனுடைய பரீட்சையைத்தான் காரணம் காட்டியிருந்தார்.

நோட்டைக் கொண்டுபோய் அம்மா முன்னால் போடத்தான் எழுந்தான்.

வெளியே அவள் குரல். "கடல் தாண்டிக் கெடந்தாலும் எங்காத்தாவுக்கு எங்கையால கோடி, இராஜம்மா. அந்த மனுஷன் இருந்து செஞ்சுட்டு வந்தாரு. அந்தக் கொற எனக்கில்ல."

பாலன் வாசற்படியில் நின்றான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பொட்டியில என்னடா இருக்கு?"

"அளவு நோட்டும்மா."

"வேற?"

"ஒண்ணுமில்ல."

திரும்ப வந்து நோட்டை உள்ளே வைத்தான். பெட்டியின் அடியில் அந்தத் துணிப் பொட்டலம் கிடந்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. மேலே, பதினாறு வயதில் அவனே ரூலர் வைத்து எழுதிய எழுத்து: பாக்கியத்தம்மாள், திருமருகல். நேரில் கொடுக்கவும்.