இரவல் போன ரத்தம்

பஸ் டிப்போவில் ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவருக்கு இருந்த சர்க்கரை நோய், அவருடைய அக்கா புருஷனான மெக்கானிக்குக்கு இடம் மாறிவிட்டதாம். டிரைவருக்குச் சர்க்கரை என்றார்கள். அடுத்த வாரமே இல்லை என்றார்கள். இப்போது மெக்கானிக் காலில் கட்டுடன் கிடக்கிறாராம். ஆளுக்கே டிரான்ஸ்ஃபர் கிடைக்காத இடத்தில் நோய்க்கு எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தேன். நோய் நகரவில்லை. ரத்தம்தான் நகர்ந்திருந்தது.

மெக்கானிக்கின் பட்டப்பெயர் இரும்பு. ஆஸ்பத்திரி வாசலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நல்லா ஓடுற வண்டிய எவனாவது பிரிப்பானா?" என்பார். நன்றாக ஓடுகிற பஸ்ஸைக் கெடு தவறாமல் இழுத்துவந்து பிரித்துப் பார்ப்பதுதான் அவருக்குத் தொழில்.

வருடாந்தர உடல் பரிசோதனை டிரைவர்களுக்கு மட்டுமே கட்டாயம். டிரைவரான மச்சினனோ டீயில் சர்க்கரையை அள்ளிப் போடுகிற ஆள். தன் ரத்தம் தன்னைக் காட்டிக்கொடுத்து, ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடும் என்று நடுங்கினார்.

"மாமா, உங்க ரத்தம் கொஞ்சம் குடுங்க. சுத்தமான சரக்கு."

"வெறும் வயித்துல வரணுமாமே?"

"முடிஞ்சதும் டிபன் என்னுது. வயிறு முட்ட."

மச்சினனின் சீருடைக்குள் தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரும்பு கையை நீட்டினார். நர்ஸ், அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. இரும்பு வெளியே வருவதற்குள் மச்சினனின் பஸ் புறப்பட்டுவிட்டது. "நாளைக்குக் கண்டிப்பா, மாமா" என்று ஜன்னலில் ஒரு கை மட்டும் ஆடியது.

பிறகு லேபிலிருந்து மச்சினனுக்குப் போன் வந்தது. சர்க்கரை எக்கச்சக்கம், உடனே டாக்டரைப் பாருங்கள். யாருடைய சர்க்கரை என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வேறொரு லேபில் தன் சொந்த ரத்தத்தைக் கொடுத்தார். பயந்ததெல்லாம் வீண், அதில் ஒரு குறையும் இல்லை. முதல் சோதனையில் ஏதோ குளறுபடி என்று சொல்லி ஸ்டியரிங்கைக் காப்பாற்றிக்கொண்டார். மாமாவிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் ஆள்மாறாட்டம் அம்பலமாகிவிடும். இரும்புக்கு வாய் பெரிது.

அக்கா வீட்டில் சாப்பிடும்போது மட்டும் மாமா தட்டிலிருந்த இனிப்பை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வார்.

"என்ன மாப்ள, அக்கா உனக்குக் குறைச்சு வச்சிட்டாளா?"

"உங்க தொப்பைக்காகத்தான் மாமா இந்தத் தியாகம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மனசாட்சி அந்த அளவுக்கு வேலை செய்தது.

வருடம் ஒன்று ஓடியது. ஒருநாள் இரும்பின் பூட்ஸுக்குள் ஒரு நட்டு விழுந்துவிட்டது. அன்று முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறார், உறைக்கவில்லை. சாக்ஸ் நனைந்ததை ஆயில் என்று நினைத்தார். புண் ஆறாமல், கடைசியில் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

"போன வருஷமே ரத்தம் பாத்திருந்தா மாத்திரையோட போயிருக்கும்" என்றார் டாக்டர்.

"என்னைய யாரு சார் பாத்தா?"

கட்டிலோரம் நின்ற மச்சினன் அழத் தொடங்கினார். "பாத்தாங்க மாமா. சொன்னாங்க."

"யார்கிட்ட?"

"என்கிட்ட."

இரும்பு கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் தட்டுலேருந்து எடுத்துத் தின்னியே... அப்பவே தெரியுமா?"

மச்சினன் தலையாட்டினார். அக்கா, தம்பி கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைத் தம்பியின் கையிலேயே கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

இப்போது இரும்பு கெடு தவறாமல் ரத்தம் கொடுக்கிறார், தன் பெயரில். நன்றாக இருக்கிற மெக்கானிக்குகளையும் காலரைப் பிடித்து இழுத்துப் போகிறார். "நல்லாருக்கியா? அதான் வா" என்கிறார்.

அந்த நாள்களிலெல்லாம் மச்சினன் லேப் வாசலில் வந்து நிற்கிறார்.

"டிபன் சாப்பிடப் போலாமா மாமா? அன்னிக்குச் சொன்னேனே."

"சாப்டாச்சு."

வெறும் வயிற்றோடு, ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடியே சொல்லிவிட்டு, இரும்பு நொண்டி நொண்டிக் கடந்து போகிறார். டிபன் பாக்கி இன்னும் நிற்கிறது.