அப்பாவின் சனிக்கிழமை அரங்க வகுப்பு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு அப்பாவை பிறம்ரன் நகரில் ஒரு பொருட்களஞ்சியத்தில் வேலை செய்தவராகவோ, பங்குக் கோவிலில் கடைசி வரிசை வாங்கில் தனியே இருப்பவராகவோதான் தெரிந்திருக்கும். அவர் நாடகம் கற்பித்த ஆசிரியர் என்பதை அறிந்தவர்கள் குறைவு. ஆகவே மகனாக அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அப்பா ஊர்காவற்றுறையில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையைக் கடலில் இழந்தார். தாயார் தையல் வேலை செய்து படிப்பித்தார். ஆசிரியராகி, உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் கற்பித்தார். போர் துரத்த, அம்மாவோடும் என்னோடும் ரொறன்ரோ நகருக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை. ஓய்வு பெறும்வரை அதையே செய்தார். ஒருநாளும் முறைப்பட்டதில்லை.

அம்மா இறந்தபின், அஜக்ஸ் நகரில் எங்களோடு வந்து இருக்கும்படி கேட்டேன்.

"வேண்டாம் மகன். நீங்கள் எல்லாரும் வேலைக்குப் போனால் அங்கையும் நான் தனியத்தான்," என்றார்.

அது உண்மைதான். ஸ்காபரோவில் தன்னுடைய அடுக்குமாடி வீட்டிலேயே இருந்தார். பின்னேரம் நான் தொலைபேசி எடுக்கும்போது அவருடைய குரல் அடைத்திருக்கும். காலையிலிருந்து யாரோடும் பேசியிருக்கமாட்டார். தொண்டையைச் செருமிவிட்டுத்தான் "சொல்லு மகன்" என்பார்.

அந்த நாட்களில்தான், கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் அரங்க வரலாறு சொல்லிக்கொடுக்க அனுமதி கேட்டு வாங்கினார். முதல் கிழமை நல்ல கூட்டம். நாடகம் போடப் போகிறார், பிள்ளைகளுக்கு வேடம் கிடைக்கும் என்று பெற்றோர் நினைத்துவிட்டார்கள். வரலாறுதான் என்றதும் கூட்டம் கரைந்தது. பனி தொடங்கியபோது மிஞ்சியவர் ஒருவர்தான். கணவரை இழந்து, பக்கத்துக் கட்டடத்தில் தனியே இருந்த பிலோமினா அன்ரி.

அந்த ஒருவருக்காகவும் அப்பா சேட்டு அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனார். அப்பாவைக் கூட்டிவரப் போகும்போது, வகுப்பின் கடைசிப் பகுதியை வாசலில் நின்று கேட்பேன்.

ஒருநாள் வட்டக்களரி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கூத்து ஆடுபவரைச் சுற்றிச் சனம் இருக்கும். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் தெரியும். பிறகு வந்தது படச்சட்ட மேடை. மூன்று பக்கமும் அடைத்து, முன்பக்கம் மட்டும் திறந்து, படத்துக்குச் சட்டம் போட்டதுபோல அமைத்த மேடை.

"வெளிச்சம் முழுக்க மேடையிலை. சபை இருட்டிலை. அங்கை நிக்கிறவனுக்கு ஒருத்தரையும் தெரியாது."

"அப்ப தனிய நிண்டு ஆரோடை கதைக்கிறார், மாஸ்ரர்?" என்று அன்ரி கேட்டார்.

"அதுக்குப் பேர் தனிமொழி. மனசுக்குள்ளை இருக்கிறதை வாய்விட்டுச் சொல்லுறது. இருட்டுக்குள்ளை ஆரோ இருக்கினம் எண்டு நம்பித்தான் சொல்லுறான்."

அன்ரி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நானும் வீட்டிலை கதைக்கிறனான். அவர் இருந்த கதிரையைப் பார்த்து."

அப்பா வெண்கட்டியை மேசையில் வைத்தார்.

"நானும்தான்," என்றார்.

அந்தப் பனிக்காலம் முடியுமுன் அன்ரி மார்க்கம் நகரில் இருந்த மகளின் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து வர அவருக்கு வாகன வசதி இல்லை. அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, மண்டபத்தில் கதிரைகள் அடுக்கியபடி இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டு, அதில் அப்பா குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் இருந்தார்.

"ஒருத்தரும் வரேல்லையோ அப்பா?"

"ஆரும் வந்தாலும் எண்டு பாத்தன்."

எழுந்து அந்தக் கதிரையையும் அடுக்கின்மேல் வைத்தார்.

சில கிழமைகள் கழித்து அன்ரியே அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "மாஸ்ரர், படச்சட்ட மேடையோடை விட்டிட்டியள். மிச்சத்தை ஆர் சொல்லுறது?" அன்றுமுதல் வகுப்பு தொலைபேசியில் நடந்தது. அதற்கும் அப்பா அயன் பண்ணிய சேட்டுத்தான் போட்டார்.

இதயம் பலவீனமாகி வைத்தியசாலையில் இருந்த கடைசிச் சனிக்கிழமை, அவரால் பேச முடியவில்லை. இரண்டு நாட்களாக எங்களோடும் ஒரு சொல் இல்லை. வகுப்பு நேரத்துக்கு அன்ரி எடுத்தபோது, நான் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அவருடைய காதருகே பிடித்தேன்.

"நீங்கள் கதைக்க வேண்டாம் மாஸ்ரர். இண்டைக்கு நான் சொல்லுறன்," என்றார் அன்ரி. "மேடை வலம் எண்டால், சபையிலை இருக்கிற ஆக்களின்ரை வலப்பக்கம்…"

அப்பா தலையை அசைத்தார். மூக்கையும் வாயையும் மூடியிருந்த ஒட்சிசன் முகமூடியைக் கையால் விலக்கினார்.

"நடிக்கிறவன்ரை வலம்," என்றார்.

"ஓம் மாஸ்ரர். பிழைச்சுப் போச்சு."

அப்பாவின் முகம் தெளிந்தது. அதன்பின் அவர் பேசவில்லை. இரண்டாம் நாள் காலை அமைதியாகப் பிரிந்தார்.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், மண்டபத்தைத் தந்துதவிய பங்குத்தந்தைக்கும், குளிரையும் பாராமல் இறுதிச் சடங்கில் எங்களோடு நின்ற உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பிலோமினா அன்ரிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடக்கத்தன்று என் கையைப் பிடித்து அவர் சொன்னது இது: "மேடை வலம் எது எண்டு எனக்குத் தெரியும் தம்பி. அவர் ஒரு சொல்லெண்டாலும் கதைக்கட்டும் எண்டுதான் பிழையாச் சொன்னனான்."

இப்போது சனிக்கிழமைகளில் நான் அன்ரிக்குத் தொலைபேசி எடுக்கிறேன். அப்பாவைப்போல அரங்க வரலாறு சொல்ல எனக்குத் தெரியாது. அங்கே பனி கொட்டுகிறதா என்று கேட்பார். கொட்டுகிறது என்பேன். பிறகு இருவருக்கும் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. தொலைபேசியை வைக்கவும் மனம் வருவதில்லை.