எந்தப் பங்கு என்று கேட்டேன்

கன்னியம்மா இறந்துவிட்டார் என்று அவர் மகன் செல்வம் வந்து சொன்னான். கோயில் கேட் திறந்துதான் இருந்தது. ஆனாலும் வெளியிலேயே நின்றான். "அம்மா காலைல பூட்ச்சு தாத்தா. நாலு மணிக்கு எடுக்குறோம், இப்டிதான் போவோம். மணி அடிப்பியா?"

"ஃபாதரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

நாற்பது வருடமாக இங்கே கோயில்பிள்ளை நான். மணி அடிப்பதும் கேட்டைப் பூட்டுவதும் என் வேலை. நம் பங்கில் யார் இறந்தாலும் துக்க மணியை அடித்துவிட்டுத்தான் ஃபாதரிடம் சொல்வேன். கன்னியம்மாவுக்கு மட்டும் கேட்கப் போனேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பங்குப் பத்திரிகைக்காக ரீட்டா டீச்சர் எழுதுகிறார். இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

கன்னியம்மாவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் முதலில் வந்த நாள் பலருக்குத் தெரியாது. குப்பத்திலிருந்து மீன் கூடை தூக்கி, மயிலாப்பூர் தெருக்களில் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பெரிய வெள்ளி மதியம், சிலுவைப்பாதை முடிந்து நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் கேட்டை ஒருக்களித்து வைத்து, நமக்குள் மட்டும்தான் ஊற்றுவோம். காலிக் கூடையும் கையில் சொம்புமாக அவர் வரிசையில் வந்தார். புது முகம்.

"நீ எந்தப் பங்கும்மா?" என்றேன். எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று கேட்டேன். நம் பேச்சு அவருக்கு எப்படித் தெரியும்?

"எம் பங்கு ஒரு சொம்பு போதும் நைனா" என்றார்.

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கரண்டியால் கேட்டைக் காட்டினேன். பானையில் பாதிக்கு மேல் கஞ்சி இருந்தது.

அவர் சண்டை போடவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "இல்லன்னா இல்லன்னு சொல்லு நைனா. எந்தப் பங்குன்னு கேட்டா, எனக்கும் ஒண்ணு நீ எடுத்து வெச்சுகீறன்னுதானே நெனப்பேன்?"

பின்னால் நின்ற பழைய ஃபாதர் அதைக் கேட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில் நம் பங்கு இருந்த இருப்பு உங்களுக்கு நினைவிருக்கும். பாதிப் பெஞ்சு காலி. இனி என்ன செய்வது என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாக்குவாதம். புதுத் தேர் வேண்டுமென்று ஒரு கட்சி, புது மைக் என்று ஒரு கட்சி. ஈஸ்டர் பிரசங்கத்தில் ஃபாதர், "என்ன செய்யணும்னு நாம கேட்டுக்கிட்டே இருக்கோம். கேட்ல ஒரு அம்மா பதில் சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்று நடந்ததைச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் பூசை முடியும்வரை, ஃபாதர் உடை மாற்றும் சக்ரீஸ்து அறையை விட்டு நான் வெளியே வரவில்லை.

அடுத்த வருடம் கஞ்சிப் பானை கேட்டுக்கு வெளியே போனது. மழை வந்தபோது குப்பத்துக்காரர்களுக்காக ஹால் திறந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த நம் டீச்சர்கள், சாயங்காலம் அங்கே குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் தேர்ப் பேச்சு நின்றுபோனது. திரும்பி வந்த கன்னியம்மா கைக்குக் கரண்டி போனது. அவர் யாரையும் எதுவும் கேட்க மாட்டார். நீட்டிய பாத்திரத்தை மட்டும் பார்ப்பார்.

என்னை அவர் "பங்கு" என்றே கூப்பிட்டார். "இன்னா பங்கு, துன்னியா? நில்லு, உனுக்கு அடிக்கஞ்சி வெச்சுகீறேன்." கிண்டல்தான், கோபமில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது. தப்பு பண்ணிட்டேன் கன்னியம்மா என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம். வருடா வருடம் அவர் முன்னால் பாத்திரத்தை நீட்டினேன், வாங்கினேன், வந்துவிட்டேன்.

மணி அடிக்கவா என்று கேட்டதும் இப்போதைய ஃபாதர் என்னைப் பார்த்தார். "ஏன், அவங்க நம்ம பங்குதானே?"

நாலு மணிக்குப் பறைச் சத்தம் கேட்டது. கயிற்றைப் பிடித்தேன். ஊர்வலம் கேட்டைத் தாண்டி, தெருமுனை திரும்பும்வரை அடித்தேன்.

அவர் வைத்த பெயர் என்னிடம் இருக்கிறது. குப்பத்துப் பிள்ளைகளுக்கு நான் பங்கு தாத்தா. ஏன் அந்தப் பெயர் என்று யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று இத்தனை நாள் பயந்தேன். இனிமேல் கேட்டால் சொல்லிவிடுவேன்.