நீல மாப்பிள்ளை

1. கிருஷ்ணர் வேஷம்

முனுசாமி கங்காணி கல்யாணப் படத்தை மேசைமேல் வைத்து, மாப்பிள்ளையின் முகத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"ஏம்மா, எம் மருமவன் கிருஷ்ணர் வேஷமா கட்டியிருந்தாரு? மூஞ்சி இப்படி நீலமா இருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. கேமரன் மலையில் ஒரு தேயிலை பேக்டரியை ஒட்டிய கடை வரிசையில் ஹனீபா முதலாளியின் ஸ்டூடியோ இருந்தது. அங்கே இருட்டறையில் பிரிண்ட் போடுவது என் வேலை. கலர் படங்களை அதுவரை கீழே ஈப்போ டவுனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். முதலாளி ஆசைப்பட்டு கலர் சாமான்களை வாங்கிப் போட்டு, முதல் கல்யாண ஆர்டராக இதை என் கையில் கொடுத்திருந்தார். போதாக்குறைக்கு என் அம்மா கொழுந்து பறித்ததும் இதே கங்காணியின் கீழ்தான். யார் எந்த மலையில் பறிப்பது என்று அவர்தான் சொல்வார்.

"செவ்வாக்கெழம காலையில பொண்ணும் மாப்பிளயும் சிங்கப்பூர் போறாங்க. திங்கக்கெழம பொழுதோட வர்றேன். நல்லா போட்டுக் குடுங்கலா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளி படத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாக்கியம், திங்கக்கெழமைக்குள்ள இது சரியாவலன்னா கலர் வேலையே வேணாம். பழையபடி ஈப்போவுக்கே அனுப்பிடுவேன். கருப்பு வெள்ளைக்கு இப்ப யாரு வர்றா? ஒனக்குச் சம்பளம் குடுக்க எனக்கு வழி இருக்காது, பாத்துக்க."

அன்றைக்குத் தோட்டத்து லைன் வீட்டுக்குப் போனதும், "வேலை போயிருச்சும்மா" என்று சொல்லி அழுதேன். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தாள்.

2. எடுத்ததும் வைத்ததும்

இப்போது கம்ப்யூட்டரில் பில்டரைப் போட்டு முதலில் ப்ரிவியூ பார்க்கிறீர்கள். ப்ரிவியூ ஒன்று காட்டுகிறது, சேவ் செய்தால் வேறு நிறம் வருகிறது என்று என் மருமகன்கூடப் புலம்புவான். எங்களுக்கு ப்ரிவியூ என்றால் டெஸ்ட் ஸ்ட்ரிப். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் விளக்குக்குக் கீழே மஞ்சள், மஜெண்டா பில்டர்களைச் செருகி, சின்னத் துண்டுத் தாளில் அடித்துப் பார்ப்போம். ஈரத்தில் நிறம் ஏமாற்றும் என்பதால் காய்ந்த பிறகுதான் முடிவு. பனி மூட்டத்தில் அது சீக்கிரம் காயாது. ஆகவே காலையில் ஸ்ட்ரிப் போடுவேன். முதலாளி நடுப்பகல் லுஹர் தொழுகையை முடித்து வந்து பார்த்து, "சரி, போடு" என்பார். மத்தியானம் பெரிய தாளில் பிரிண்ட் போடுவேன்.

ஸ்ட்ரிப்பில் மாப்பிள்ளை மாநிறமாக லட்சணமாக இருந்தார். பிரிண்டில் வெளிறி, நீலம் பாய்ந்து நின்றார்.

முதலில் குளிரைச் சந்தேகப்பட்டேன். வெந்நீர் வைத்து, மருந்துப் புட்டிகளை அதில் உட்கார்த்தி, தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தேன். மறுபடியும் நீலம். பிறகு மஞ்சள் பில்டரைக் குறைத்தேன். நெகட்டிவ் தலைகீழ் என்பதால், விளக்கில் மஞ்சளைக் குறைத்தால்தான் படத்தில் மஞ்சள் ஏறி நீலம் குறையும். ஆனால் மறுநாள் காலை ஸ்ட்ரிப்பில் மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. சரி என்று பில்டரைப் பழையபடி வைத்தேன். மத்தியானம் அதே கிருஷ்ணர். எடுப்பதும் வைப்பதுமாக நாட்கள் ஓடின. பெட்டியில் கலர் தாள் வேறு கரைந்துகொண்டே வந்தது.

இதற்கு நடுவில் அம்மா முழங்கால் வரை சேறோடு வீடு திரும்பத் தொடங்கினாள்.

"எங்கம்மா பறிச்ச?"

"மேல்மலை" என்றாள்.

மேல்மலை செங்குத்து. மழையில் வழுக்கும். கங்காணி என்மேல் இருந்த கோபத்தை அம்மாவிடம் தீர்த்துக்கொள்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. அவளுக்குச் சோறு போட்டுக் கொடுக்கக்கூட முகம் இல்லை எனக்கு.

3. காத்தாடி

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பயத்தில் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியில் ஒரு துண்டும் கடைசித் தாளும். வழக்கம் போல காலையில் ஸ்ட்ரிப், மத்தியானம் பிரிண்ட். விளக்கைப் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளை மாநிறம். ஸ்ட்ரிப்பும் பிரிண்டும் அச்சாக ஒன்றுபோல் இருந்தன.

சந்தோஷம் வரவில்லை. ஏன் சரியானது என்று தெரியாதவரை நாளைக்கு மறுபடி கெடும். நாற்காலியில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன வேறு என்று யோசித்தேன். கடை அமைதியாக இருந்தது. பேக்டரியில் சத்தமே இல்லை. ஞாயிறு கொழுந்து பறிப்பதில்லை, அதனால் இலை வாட்டும் காத்தாடிகளும் ஓடுவதில்லை. மற்ற நாட்களில் காலையில் மெஷின் கழுவி ஓய்ந்திருப்பார்கள். மத்தியானம் கொழுந்து லாரி வந்து இறங்கியதும் காத்தாடிகள் கிளம்பும். அந்த நேரம் லைன் வீடுகளில் பல்பு மங்கும். "காத்தாடி போட்டுட்டான்" என்று அம்மா சொல்வாள். கடைக்கும் பேக்டரி கரண்டுதான். என்லார்ஜர் விளக்கும் ஒரு பல்புதானே? கரண்டு இறங்கினால் அதன் வெளிச்சம் குறைந்து மஞ்சளித்துவிடும்; மஞ்சள் பில்டரைக் கூட்டிய மாதிரி படம் நீலமாகும். பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம், இருட்டறைக்குள் போனதும் மறந்துவிட்டது.

திங்கட்கிழமை முதல் வேலையாக பேக்டரி வயர்மேன் தங்கராஜு அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, மத்தியானம் கொஞ்ச நேரம் காத்தாடிய நிறுத்த முடியுமா? ஒரே ஒரு ஆல்பம்."

"காத்தாடிய நிறுத்தினா கொழுந்து செவந்துரும், தங்கச்சி. அப்பறம் தொரைக்கு யாரு பதில் சொல்றது? போட்டா புடிக்கிற வேலைக்கு பேக்டரிய நிறுத்தச் சொல்றியே" என்றார்.

திட்டாமல் சொன்னதே பெரிது. புதுத் தாள் ஈப்போ பஸ்ஸில் மத்தியானம்தான் வரும். கங்காணி பொழுதோடு வந்து நிற்பார். தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. காத்தாடியை ஏன் நிறுத்த வேண்டும்? அது ஓடும்போதே ஸ்ட்ரிப்பையும் போட்டுவிட்டால் ஆயிற்று.

லாரி வந்து, காத்தாடிகள் இரைய ஆரம்பித்து, பல்பு மங்கி நிலைக்கும்வரை காத்திருந்தேன். மஞ்சள் பில்டரைக் குறைத்து, நேரத்தைக் கொஞ்சம் கூட்டி ஸ்ட்ரிப் அடித்தேன். அதை ஹீட்டர் பக்கத்தில் காய வைத்து முதலாளி முன்னால் நீட்டினேன்.

"இப்ப என்ன டெஸ்ட்டு? காலையிலல்ல போடுவ?"

"இனிமே காத்தாடி ஓடும்போதுதான் முதலாளி. இப்பவே பாத்துச் சொல்லுங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே கேட்காமல் "போடு" என்றார். ஒவ்வொன்றாக மாநிறத்தில் வந்தன. கூறைப்புடவை அரக்கு அரக்காகவே இருந்தது. இருட்டறையில் நின்றே கொஞ்சம் அழுதேன்.

4. மேல்மலை

கங்காணி ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இதத்தாம்மா கேட்டேன்" என்றார். புறப்படும்போது வாசலில் நின்று, "ஒங்கம்மாகிட்ட சொல்லு. மேல்மல வேணாம்னு சொல்லியும் கேக்கல, அவங்களாத்தான் கேட்டு வாங்கினாங்க. வழுக்கி விழுந்து வச்சா எனக்குத்தான் பேச்சு" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீயாம்மா கேட்ட?"

"மேல கொழுந்து நல்லா வந்திருக்கு. நெறைய நிறுத்தா காசும் கூட வரும். ஒனக்குத்தான் வேலை போயிருச்சின்னியே, இந்த வாரத்தோட முடியுதாக்கும்னு நெனச்சேன். சோத்துக்கு வழி பாக்க வேணாமா?"

"போவலம்மா. படம் சரியாயிருச்சி."

"அப்ப நல்லது" என்று சொல்லி அடுத்த காலைக் கழுவினாள். பறிக்க எடுத்த செடி நிரையைப் பாதியில் விட முடியாது என்று மறுநாளும் மேல்மலைக்குத்தான் போனாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ப்ரிவியூவையும் பிரிண்டையும் ஒரே கரண்டில் போடுங்கள் என்பது. இரண்டாவது, வேலையில் சிக்கல் என்றால் வீட்டில் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் போகுமுன்னே போய்விட்டது என்று சொல்லாதீர்கள். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பி என் அம்மா மழையில் மலை ஏறினாள்.